புறம்போக்கு: எண்ணூர்க் கழியில் ஒரு சொல்லைத் துடைத்தெடுத்த கதை

கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயில் எண்ணூர் நிலையத்தை விட்டுக் கிளம்பிச் சில நிமிடங்களில் ஒரு பாலத்தின் மேல் ஏறும். பெட்டிக்குள் பேச்சு நிற்காது, பூக்காரம்மாவின் கையும் நிற்காது. பாலத்துக்குக் கீழே கடலைத் தொடுவதற்குச் சற்று முன் அகன்று கிடப்பது கொசஸ்தலை ஆறு. மேற்கே உப்பளங்கள், வடகிழக்கே புகைபோக்கிகள், நடுவே ஆற்றைத் தாண்டிச் செல்லும் குழாய்கள். அடுத்த நிறுத்தம் அத்திப்பட்டுப் புதுநகர். இந்த வழியில் பல ஆண்டுகள் போய் வந்தும், கீழே ஓடுவது ஓர் ஆறு என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. சென்னையில் ஆறு என்றால் கூவம், அடையாறு, அவ்வளவுதான். மூன்றாவதாக ஒன்று உண்டென்பதும், வெள்ளக் காலத்தில் அந்த இரண்டையும் விடப் பெரிய சுமையைத் தாங்குவது அதுதான் என்பதும் எனக்குத் தாமதமாகவே தெரிந்தன.

ஓர் ஆறு நம் கண்ணெதிரே இருந்தும் எப்படிக் காணாமல் போகிறது, அதை மறுபடி காண வைக்க என்னவெல்லாம் தேவைப்படுகிறது என்பதற்கு எண்ணூர்க் கழியை விடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் இல்லை என்று நினைக்கிறேன். இங்கே ஒரு வருவாய்த்துறைச் சொல்லும், ஒரு வரைபடமும், ஒரு கர்நாடக இசைப் பாடலும், மீனவர்களின் கைகளும் ஒரே வழக்கின் சாட்சிகளாக நிற்கின்றன.

ஆறும் கழியும்

கொசஸ்தலை ஏறத்தாழ 136 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. கொற்றலை, குசத்தலை என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீரும், ஆந்திரப் பகுதியிலிருந்து வரும் நகரி, நந்தி ஆறுகளின் நீரும் சேர்ந்து அதை ஆறாக்குகின்றன. 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் சென்னையின் குடிநீருக்காக அதை மறித்து நிற்கிறது. அதற்குக் கீழே தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகள். அவற்றையும் தாண்டி வருவது எண்ணூரில் கழியாக விரிகிறது. வடக்கே பழவேற்காடு ஏரியோடும், குறுக்கே பக்கிங்காம் கால்வாயோடும் கைகோத்துக்கொண்டு முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது.

இந்த ஆற்றுப் படுகையில்தான் அத்திரம்பாக்கம் இருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம் அது. பின்னாளில் சாந்தி பப்புவின் குழுவினர் அங்கே அகழ்ந்தெடுத்த கைக்கோடரிகளுக்கு 15 லட்சம் ஆண்டுப் பழமை இருப்பதாக 2011இல் ஆய்வு வெளியானது. இந்தியத் துணைக்கண்டத்தில் மனித இனத்தின் முன்னோர் வாழ்ந்ததற்கான மிகப் பழைய தடயங்களுள் ஒன்று இந்த ஆற்றங்கரையில் கிடைத்திருக்கிறது. வைகைக்கும் பொருநைக்கும் கிடைத்த பெருமிதத்தில் நூறில் ஒரு பங்குகூட இந்த ஆற்றுக்குக் கிடைக்கவில்லை. அத்திரம்பாக்கம் தெரிந்தவர்களிலும் பலருக்கு அது எண்ணூரில் முடியும் ஆற்றின் கதை என்பது தெரியாது.

கழி என்பது ஆறும் அல்ல, கடலும் அல்ல. நாளுக்கு இருமுறை கடல் உள்ளே ஏறி வந்து திரும்பும். மழைக்காலத்தில் நன்னீர் கடலைத் தள்ளிக்கொண்டு வெளியே பாயும். இந்த உப்புக் கலப்பில்தான் இறால் குஞ்சு வளர்கிறது, நண்டு பெருகுகிறது, மட்டி சேற்றில் புதைகிறது. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலம் முழுக்க இந்தக் கழிதான். இருங்கழி என்று புலவர்கள் சொன்னது கரிய, பெரிய நீர்ப்பரப்பை. அந்தச் சொல்லில் ஒரு மதிப்பு இருக்கிறது, கொஞ்சம் அச்சமும் இருக்கிறது. இன்று ‘கழி’ என்று தட்டினால் காதில் விழுவது கழிவும் கழிப்பறையும்தான். மொழியில் நடந்த இந்தச் சரிவையும் நிலத்தில் நடந்ததையும் நான் தனித்தனியாகப் பார்க்கவில்லை.

சாம்பல்

எண்ணூரில் முதல் அனல் மின் நிலையம் 1970இல் வந்தது. 1990களின் நடுவில் வடசென்னை அனல் மின் நிலையம் மூன்று அலகுகளோடு 630 மெகாவாட் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு தலா 600 மெகாவாட்டில் இரண்டு அலகுகள் சேர்ந்தன. வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் ஒன்று எழுந்தது. இவற்றுக்கு நிலக்கரி இறக்குவதற்கென்றே எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. இன்று அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர்.

இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். 100 டன் எரித்தால் 30 முதல் 40 டன் வரை சாம்பலாக மிஞ்சும். அதைத் தண்ணீரில் குழைத்துக் கூழாக்கி, குழாய் வழியாக ஆற்றைத் தாண்டி, செப்பாக்கம் பக்கமுள்ள சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். உப்புக் காற்றில் இரும்புக் குழாய் எத்தனை ஆண்டு தாங்கும்? இணைப்புகளில் பிளந்தது, துருவில் ஓட்டை விழுந்தது. சாம்பல் கூழ் கழியில் கொட்டியது. ஒருமுறை நடந்து சரிசெய்யப்பட்ட விபத்தாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. ஆண்டுக்கணக்கில் கசிந்துகொண்டே இருந்தது.

அந்தச் சேற்றை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தேன். கழியின் இயல்பான சேறு கருத்திருக்கும், ஒட்டும், அழுகிய இலையும் உப்பும் சேர்ந்த வாடை வரும், விரல் இடுக்கில் புகுந்தால் எளிதில் போகாது. சாம்பல் படிந்த இடத்துச் சேறு வெளிர்ச் சாம்பல் நிறம். உள்ளங்கையில் தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்கும். வாடையே இல்லை. காய்ந்தால் வெடித்துத் தட்டுத்தட்டாகப் பெயரும். சிமெண்ட்டுக்குச் சேர்மானமாக வாங்கும் அதே பொருள்தான் இது. ஆற்றின் அடியில் படிந்தபோது சேற்றுக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்த எல்லாவற்றின் மேலும் ஒரு மூடியாகி விட்டது.

ஆழம் குறைந்தால் படகு போகாது, மீன் நிற்காது. அது மீனவர் பாடு என்று நகரம் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் வெள்ளம் வரும்போது தண்ணீர் வடிய வேண்டிய வாசலும் இதுதான். பூண்டியில் மதகு திறந்தால் அந்த நீர் முடிவில் வந்து நிற்பது எண்ணூர் முகத்துவாரத்தில். கழியை மண்ணும் சாம்பலும் அடைத்தால் மணலியும் எண்ணூரும் நீரில் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஆற்றங்கரை மணலுக்கு அடியில்தான் சென்னைக்குக் குடிநீர் கொடுத்த மீஞ்சூர், பஞ்செட்டி கிணற்று வயல்கள் இருந்தன. அளவுக்கு மிஞ்சி இறைத்ததில் கடல்நீர் நிலத்தடியில் ஏறியது. 2010இல் அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் திறந்தார்கள். ஆறு இலவசமாகச் செய்துவந்ததை இப்போது மின்சாரம் செலவழித்துச் செய்கிறோம். அந்த மின்சாரத்துக்காக எரித்த கரியின் சாம்பல் ஆற்றில் கிடக்கிறது.

வரைபடத்தில் காணாமற்போன கழி

1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஓதம் ஏறி இறங்கும் நீர்நிலைகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. அதன்படி வரைந்து 1996இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த திட்ட வரைபடத்தில் எண்ணூர்க் கழி இருந்தது. ஏறத்தாழ 6,500 ஏக்கர், எந்தக் கட்டுமானமும் கூடாத பகுதி என்று.

2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது மாநில அரசுத் துறையிலிருந்து கிடைத்த வரைபடத்தில் கழி இல்லை. நீர் இருந்த இடத்தில் வெறும் நிலம். மீனவர்களும் சூழலியல் செயல்பாட்டாளர்களும் இரண்டு வரைபடங்களையும் செய்தியாளர் முன் பக்கம் பக்கமாக விரித்து வைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன் எண்ணூருக்கு நேரில் வந்து பார்த்தது இதன் தொடர்ச்சியாகத்தான். மறுநாள் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் எண்ணூர் இருந்தது.

ஆற்றை அழிப்பதற்கு லாரி மண் தேவையில்லை, ஒரு கோட்டை அழித்தால் போதும் என்பதை அந்த இரண்டு தாள்கள் காட்டின. தாளில் நிலம் என்று வந்துவிட்டால் பிறகு கொட்டும் மண் சட்டப்படியே கொட்டப்படும்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு மீனவர்கள் வழக்கைக் கொண்டு போனார்கள். தீர்ப்பாயம் அமைத்த வல்லுநர் குழு, கழியின் சேற்றில் சாம்பலும் கன உலோகங்களும் கலந்திருப்பதைப் பதிவு செய்தது. மனுக்களில் மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்ததற்கு ஆய்வகத்தின் மொழியில் கையெழுத்துக் கிடைத்தது. நீதிமன்றத்தில் அந்தக் கையெழுத்து வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சொன்னது முதலில் யார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

புறம்போக்கு

இந்தக் கழியும் கரையும் வருவாய்க் கணக்கில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன? புறம்போக்கு.

இந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது வசவாக. பள்ளியில் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பையனைப் பார்த்து ஆசிரியர் சொன்னார். உருப்படாதவன், யாருக்கும் பயன்படாதவன் என்று பொருள். சென்னைப் பேச்சில் அது ‘பொறம்போக்கு’ ஆகி இன்னும் கூர்மையாகி விட்டது.

பதிவேட்டில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பொருளே இல்லை. வரி விதிப்புக் கணக்குக்குப் புறம்பே விடப்பட்ட நிலம் என்பதுதான் அது. ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதை, களம், சுடுகாடு என்று ஊருக்கு ஊர் பட்டியல் நீளும். இவை எதற்கும் வரி இல்லை. வரி இல்லாததற்குக் காரணம் மதிப்பில்லாமை அல்ல. எல்லாருக்கும் வேண்டியது என்பதால் எவர் பெயரிலும் எழுத முடியாது, எவர் பெயரும் இல்லாததால் எவரிடமும் வரி கேட்க முடியாது. தாசில்தார் அலுவலகத்தில் இன்னொரு வகைப்பாடும் உண்டு: ஆட்சேபணையற்ற புறம்போக்கு, ஆட்சேபணையுள்ள புறம்போக்கு. முதலாவதில் குடியிருப்பவருக்குப் பட்டா தர வழியுண்டு. நீர்நிலைகள் இரண்டாவதில் வரும். அவற்றை யாருக்கும் எழுதித்தர முடியாது. அலுவலகக் காகிதத்தின் வறண்ட நடையிலேயே ஆற்றுக்கு ஒரு காவல் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

எண்ணம் இன்னும் பழையது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களைச் சொல்லும் கல்வெட்டுகள், ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்தையும் சொல்லி, அதிலிருந்து இறையிலி, அதாவது வரியில்லா நிலத்தைக் கழிக்கின்றன. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சுடுகாடு ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குளமும் வாய்க்காலும் வரிக்குப் புறம்பு.

அந்தப் பட்டியலைப் பெருமையோடு மட்டும் வாசிக்க என்னால் முடியவில்லை. குளத்துக்கும் சுடுகாட்டுக்கும் இடையே பறைச்சேரியும் கம்மாணசேரியும் வருகின்றன. பொதுநிலத்தைக் கழித்த அதே வரியில் ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட மனிதர்களின் குடியிருப்பும் வந்துவிடுகிறது. புறம்போக்கு என்ற சொல் வசவாக மாறியதற்கு வெள்ளையர் ஆட்சியின் வரி ஆசையை மட்டும் காரணம் சொன்னால் பாதி உண்மைதான் கிடைக்கும். வரி கட்டும் நிலமே நிலம் என்ற கண்ணும், ஊருக்குள் இருப்பவனே மனிதன் என்ற கண்ணும் சேர்ந்துதான் அந்தச் சொல்லை இந்த நிலைக்குக் கொண்டு வந்தன. எண்ணூர்க் கழியில் இன்று கையால் இறால் பிடிப்பவர்கள் பெரும்பாலும் இருளர் பழங்குடியினர் என்பதை இதோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

பாட்டு

2017 ஜனவரியில் ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வெளிவந்தது. எழுதியவர் கபேர் வாசுகி, இசையமைத்தவர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார், பாடியவர் டி.எம். கிருஷ்ணா. காட்சிகளை இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். எண்ணூரில், புகைபோக்கிகளும் சாம்பலும் தெரிய, அந்த இடத்திலேயே படமாக்கினார்கள்.

ஆனந்தபைரவியில் தொடங்கி, பேகடா, ஹமீர்கல்யாணி என்று நகர்ந்து சிந்துபைரவியில் முடியும் ராகமாலிகை அது. பேகடாவை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? மார்கழியில், குளிரூட்டிய அரங்கில், சமஸ்கிருதத்திலோ தெலுங்கிலோ, தமிழ் என்றால் பக்தித் தமிழிலோ. இந்தப் பாட்டின் சொற்கள் சென்னையின் பேச்சுத் தமிழ். வசவாகக் கேட்டுப் பழகிய ஒரு சொல்லை ஒரு பாடகர் கமகத்தோடு, நிறுத்தி, திரும்பத் திரும்பப் பாடுகிறார். முதல்முறை கேட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாம் முறையில் கூச்சம் போய், சொல் மட்டும் நின்றது. புறம்போக்கு எனக்கும் உனக்கும் உரியதல்ல, ஊருக்கும் பூமிக்கும் உரியது என்பதுதான் பாட்டின் பொருள். அதைவிட நேராக எந்த வருவாய் அகராதியும் சொன்னதில்லை.

இந்தப் பாட்டைப் பற்றி இரண்டு குற்றச்சாட்டுகள் கேட்டிருக்கிறேன். ஒன்று, ராகத்தைக் கொச்சைப்படுத்திவிட்டார்கள் என்பது. அதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனந்தபைரவி எண்ணூரிலும் ஆனந்தபைரவிதான். இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது. குழாய் உடைப்பால் சோறிழந்தவர் குப்பத்தில் இருக்க, பாட்டுக்கான கைத்தட்டல் நகரத்தின் தெற்கே போகிறது என்பது. இதில் உண்மை உண்டு. ஆனால் 2017க்கு முன் மயிலாப்பூரிலும் அடையாறிலும் எத்தனை பேருக்கு எண்ணூர்க் கழி என்ற பெயர் தெரியும்? மின்விசிறி சுழல்வது அங்கே. சாம்பல் விழுவது இங்கே. அந்தத் தூரத்தைப் பத்து நிமிடத்துக்குள் கடந்தது அந்தப் பாட்டு. மனுவும் ஆய்வறிக்கையும் அதைக் கடக்க முடியாமல் நின்றிருந்தன.

சொல்லை மீட்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, கூவம், அடையாறு கரைகளில் இருந்த ஏழைக் குடும்பங்களை ‘நீர்நிலைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு’ என்ற பெயரில் அகற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். புறம்போக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று நாம் பாடும்போது அந்த வரியைப் பிடித்துக்கொண்டு புல்டோசர் வரலாம். பொதுநிலங்களைப் பற்றிய 2011ஆம் ஆண்டின் ஜக்பால் சிங் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தென்னிந்தியாவின் புறம்போக்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, ஊர்ப் பொதுநிலங்களை மீட்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் மீட்பவர் எங்கிருந்து தொடங்குகிறார்? ஆற்றோரக் குடிசையிலிருந்து. கழிக்குள் தூண் நட்டுக் குழாய் போட்டதை ஆக்கிரமிப்பு என்று எழுத எந்தக் கோப்பிலும் பேனா எளிதில் எழவில்லை. அந்தச் சொல்லை யாரை நோக்கித் திருப்புவது என்பதில் எண்ணூர் மீனவர்களுக்குக் குழப்பம் இருந்ததில்லை.

அதே 2017

அந்தப் பாட்டு வந்து இரண்டு மாதங்களில், மார்ச் 2017இல், நியூசிலாந்தின் நாடாளுமன்றம் வாங்கனுயி ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராக ஏற்றுச் சட்டம் இயற்றியது. 290 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆற்றை, மலையிலிருந்து கடல் வரை, கிளை ஆறுகளும் நீரும் நிலமும் உள்ளிட்டுப் பிரிக்க முடியாத ஓர் உயிர் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அரசு சார்பில் ஒருவரும் மாவோரி மக்கள் சார்பில் ஒருவருமாக இருவர் ஆற்றின் முகமாக நின்று பேசுவார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முறையிட்டு முறையிட்டு அவர்கள் பெற்றது அது. ‘நானே ஆறு, ஆறே நான்’ என்ற பொருளில் அம்மக்கள் சொல்லிவந்த வாக்கியம் சட்டத்துக்குள்ளேயே இடம்பெற்றது.

அதே மார்ச் மாதம் உத்தராகண்ட் உயர் நீதிமன்றமும் கங்கை, யமுனை ஆறுகளுக்கு நபர் தகுதி கொடுத்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வில் நீதிபதி எஸ். ஸ்ரீமதி இயற்கை அன்னையை உரிமைகள் கொண்ட உயிருள்ள சட்ட நபர் என்று அறிவித்தார். அந்த வழக்கு எதிலிருந்து வந்தது என்பது முக்கியம். மேகமலையில் வனப் புறம்போக்கு நிலத்துக்குப் பட்டா கொடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு தாசில்தாரின் வழக்கு அது. மறுபடியும் புறம்போக்கு.

வாங்கனுயியிலிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது ‘நபர்’ என்ற தகுதியை அல்ல என்பது என் கருத்து. மாவோரி மக்கள் தங்கள் சொந்த வாக்கியத்தைச் சட்டத்துக்குள் கொண்டு போனார்கள். நமக்கு ஆறு நபர் என்று சொன்னால் உடனே நீலப் பட்டும் மூக்குத்தியும் தீபாராதனையும் நினைவுக்கு வரும். ஆடிப்பெருக்கில் காவிரித் தாய்க்குக் காதோலை கருகமணி விட்ட கையோடு, மறுநாள் அதே படித்துறையில் சாயக் கழிவு நுரைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். தாய் என்று அழைத்ததால் ஆறு தப்பிக்கவில்லை. நம் சட்டத்துக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் நம் சொந்தச் சொல் புறம்போக்குதான். அதற்குத் தெய்வாம்சம் தேவையில்லை. யார் பெயரிலும் எழுத முடியாது என்ற ஒற்றை விதி போதும்.

கழிக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் இந்த விதியை மீனவர்கள் நடைமுறையாகவே வைத்திருந்தார்கள். அதற்குப் பாடு என்று பெயர். எந்த ஊர், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது, மோசமான இடமும் ஒருவர் தலையிலேயே விழாது. தமிழில் பாடு என்றால் உழைப்பு, பாடு என்றால் துன்பம், மீன்பாடு என்றால் கிடைத்த மீன். இந்த முறையிலும் குறை உண்டு. யாருக்கு முறையில் இடம், யாருக்கு இல்லை என்பதைச் சாதி தீர்மானித்தது. கையால் பிடிக்கும் இருளருக்கு அதில் பங்கு இருந்ததில்லை.

என்ன மாறியது

மாறியதை முதலில் சொல்கிறேன். எண்ணூர்க் கழி இப்போது பெயருள்ள இடம். அதைப் பற்றி எழுதும் செய்தியாளருக்கு 1996 வரைபடம் தெரியும். கல்லூரி மாணவர்கள் காட்டுக்குப்பத்துக்கும் முகத்துவாரக்குப்பத்துக்கும் படகேறிப் பார்க்கப் போகிறார்கள். புறம்போக்கு என்ற சொல்லை மேடையில் தலை நிமிர்ந்து சொல்பவர்கள் இருக்கிறார்கள். கழியை மீட்கும் திட்டங்களைப் பற்றி அரசே பேசத் தொடங்கியிருக்கிறது.

மாறாதது 2023 டிசம்பரில் தெரிந்தது. மிக்ஜாம் புயல் மழையில் மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலைக் கழியில் பரவி, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போனது. கடலோரக் காவல்படை கடலில் கண்ட படலம் சுமார் 20 சதுர கிலோமீட்டர். வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற அளவுக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. படகும் வலையும் எண்ணெயில் ஊறின. கூழைக்கடாக்களின் இறகு கருத்தது. முதல் நாட்களில் மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளிப் பீப்பாயில் ஊற்றினார்கள். தொலைதூர நட்சத்திரங்களைப் பார்க்கும் தொலைநோக்கி வைத்திருக்கும் நூற்றாண்டில், ஆற்றிலிருந்து எண்ணெயை எடுக்கக் கைதான் இருந்தது. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதில் முதலில் விவாதம் நடந்தது. குப்பத்து மக்கள் மூக்கை வைத்தே முதல் நாள் இரவில் சொன்னதை, அதிகாரிகளின் ஆய்வு பிறகு வந்து உறுதிப்படுத்தியது.

காக்கா ஆழி

கடைசியாக ஒரு சிப்பி. சில ஆண்டுகளாக எண்ணூர்க் கழியின் அடித்தரையில் புதிய ஓர் உயிர் பரவிக் கிடக்கிறது. கருமையான, விரல்நீளச் சிப்பி. ஒன்றோடு ஒன்று நாரால் பின்னிக்கொண்டு பாய் விரித்தது போலச் சேற்றை மூடிவிடுகிறது. மீனவர்கள் அதற்குக் காக்கா ஆழி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இது முன்பு இங்கே இருந்ததில்லை, மஞ்சள் மட்டியை விரட்டுகிறது, இறால் புதைய இடமில்லாமல் போகிறது என்று அவர்கள் சொன்ன பிறகே மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உயிரியலார் அதை அடையாளம் கண்டார்கள்: மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா, தென், மத்திய அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. கப்பல்கள் எடையைச் சமன்செய்ய ஏற்றிவந்து துறைமுகத்தில் வெளியேற்றும் நீரில் அதன் குஞ்சுகள் வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் அது முன்பே இறங்கியிருந்தது.

லத்தீன் பெயருக்கும் காக்கா ஆழிக்கும் இடையே எது சரி என்ற கேள்வியே இல்லை. ஒன்று அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறது. இன்னொன்று அது எங்கே வந்து சேர்ந்தது என்று சொல்கிறது. இரண்டும் ஒரே தாளில் எழுதப்படும் வரை எண்ணூரைப் பற்றிய ஆய்வறிக்கை எதுவும் முழுமையாகாது என்று எனக்குத் தோன்றுகிறது.

நீர் வற்றும் நேரத்தில் இருளர் பெண்கள் கழியில் இறங்குவதைக் கரையிலிருந்து பார்க்கலாம். பனையோலைக் கூடையின் விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள் வேண்டும் என்பதற்காக. மார்பளவு நீரில் குந்தி, உள்ளங்கையைத் தரையோடு தரையாகத் தடவிக்கொண்டே நகர்வார்கள். சேற்றின் குழைவில் ஒரு சிறு துடிப்பு தட்டினால் விரல் மூடும், கை மேலே வரும், இறால் கூடைக்குள் விழும். கூடை வாயில் இருப்பதால் பேச்சு கிடையாது. நான் பார்த்தபோது ஒருவர் அடிக்கடி கையை வெளியே எடுத்து விரல்களைப் பார்த்துக்கொண்டார். காக்கா ஆழியின் ஓடு கூர்மையானது. கையைக் கழியிலேயே அலசிவிட்டு, இரண்டடி தள்ளிப் போய், சேறு கிடைக்கிறதா என்று மறுபடியும் தடவத் தொடங்கினார்.